ஞானத்தாய் சொன்ன பெயர்

போன மாதம் படப்பையில் நடந்த கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக நீங்கள் நாலு பேரும் சேர்ந்து மறுபடியும் அந்தச் சீட்டுக் கதையை எடுத்தீர்கள். "இவ அத்த கோயில்ல சீட்டுல கோல்மால் பண்ணிச்சே, ஞாபகம் கீதில்ல?" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த பையன்கூட வாளியைக் கையில் பிடித்தபடி சிரித்தான். அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது, அவனுக்கென்ன தெரியும்? எனக்கு வந்த ஆத்திரத்தில் அப்பளத்தை நொறுக்கி இலையிலேயே போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். "சுகர் ஏறிடுச்சு போல" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

சுகரும் இல்லை, பிபியும் இல்லை. முப்பத்து சொச்சம் வருஷமாக ஒரே கதையைத் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தால் மனுஷிக்கு எரிச்சல் வராதா? நமக்கெல்லாம் ஐம்பது வந்துகொண்டிருக்கிறது. முட்டி வலி வந்துவிட்டது, பேரப்பிள்ளை எடுத்தவர்கள்கூட இருக்கிறீர்கள். இனிமேலாவது கதையைச் சரியாகச் சொல்லுங்கள். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஊரே வாயாடி என்று பட்டம் கொடுத்த நான், பேச வேண்டிய இந்த ஒரு விஷயத்தில்தான் பேசவில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், மழைக்காலம். ஒரகடம் பக்கம் அப்போது கம்பெனியும் கிடையாது, கம்பெனி பஸ்ஸும் கிடையாது. இன்றைக்கு ஷிப்டு முடிந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக ஷேர் ஆட்டோ பிடிக்கிற அந்த முக்கில்தான் நம் கோயில் இருந்தது. ஓட்டுக் கூரை, மணிக்குப் பதில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு, மழை பெய்தால் பலிபீடத்துக்கு இடது பக்கம் ஒழுகும். அந்த இடத்தில் ஒரு அலுமினிய டேசா எப்போதும் இருக்கும். ஜெபம் நடக்கும்போது டொக், டொக் என்று சத்தம் வரும். நீங்கள் ஆறு பேரும் கண்ணை மூடியிருப்பதுபோல நடித்துக்கொண்டு அதை எண்ணுவீர்கள்.

சனிக்கிழமை மத்தியானம், முதல் திருவிருந்துக்குத் தயார் பண்ணுகிற திடப்படுத்தல் வகுப்பு. நாம் ஏழு பேர். நீங்கள் ஆறு பேரும் கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம் வாங்கியவர்கள், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர், கோயிலுக்கு ஒரு பெயர் என்று ஆளுக்கு இரண்டு பெயர் வைத்திருந்தவர்கள். சர்டிபிகேட்டில் கிறிஸ்தவப் பெயர் ஏறினால் சலுகை போய்விடும் என்று நம் அப்பன்மார்கள் பயந்து செய்த ஏற்பாடு அது. நான் ஒருத்திதான் பதின்மூன்று வயதாகியும் தண்ணீர் படாதவள், பள்ளிக்கூடப் பெயர் ஒன்றோடு திரிந்தவள்.

அதற்குக் காரணம் என் அப்பா. அம்மா மணிமங்கலத்துக்காரி, இந்துக் குடும்பம். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால் மாமனார் மனசு நோகும், கொடுக்காவிட்டால் தன் அக்கா மனசு நோகும். அதனால் அப்பா இரண்டு பக்கமும் பார்த்து, "ஆவட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். பதின்மூன்று வருஷம் அப்புறம் பார்த்துக்கொண்டே இருந்தார். யார் மனசும் நோகக்கூடாது என்பதுதான் அவருடைய வேதம். மணிமங்கலத்துத் தாத்தா அதற்கு முந்தின வருஷம் இறந்துபோக, அந்தப் பக்கம் நோவதற்கு ஆள் இல்லாமல் போனது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு எனக்கு ஞானஸ்நானம் என்று முடிவானது அப்படித்தான்.

அந்த வருஷம்தான் நம் சபைக்குப் பாதிரியாராகப் புது ஆயர் வந்தார். படப்பையில் இருந்து மாதம் ஒருமுறை ஸ்கூட்டரில் வருவார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பேச்சே வேறு மாதிரி. முதல் நாளே என்னை எழுப்பி நிறுத்தினார்.

"பேருன்னா சும்மா காலண்டர்ல பாத்து வைக்கிறதில்ல பிள்ளே. நீ கிறிஸ்தவப் பிள்ளைன்னு அதுல தெரியணும். ஆண்டவர் ஒனக்கு என்ன வரம் குடுத்திருக்காரோ, அதுவும் தெரியணும்லா. மூணு பெரியவங்ககிட்ட போய், எங்கிட்ட என்ன வரம் இருக்குன்னு கேளு. கேட்டுட்டு வேதத்துல தேடு. பேரு தானா வரும்."

தானாக வருமாம். அவர் ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார், மாட்டிக்கொண்டது நான்.

முதலில் அம்மாவிடம் கேட்டேன். ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்தார். "வரமா? காலைல உன்ன எழுப்பறதுக்குள்ள எனக்கு உசுரு போவுது. அந்தத் தூக்கம்தான் உன் வரம். இந்தா, இந்த மாவ வழி." பெயரைப் பற்றிக் கேட்டால், "எந்தப் பேரானா வச்சிக்கோங்க, நான் கூப்புட்றது பாப்பாதான்" என்றார். அதோடு முடிந்தது.

அடுத்தது அப்பா. அவருக்குக் கல் குவாரியில் லாரி லோடு எழுதும் வேலை. காப்பியிங் பென்சில் என்று ஒன்று இருந்ததே, நாக்கில் நனைத்து எழுதினால் ஊதா மை மாதிரி பதியுமே, அதுதான் அவர் ஆயுதம். உதட்டில் எப்போதும் ஊதாக் கறை இருக்கும். அதோடேயே சிரித்தார். "நல்ல புள்ள. அதான் உன் வரம்." இதை வைத்துக்கொண்டு வேதத்தில் எங்கே போய்த் தேடுவது? அவரிடம் இன்னொரு முறை கேட்டேன். "எல்லாருக்கும் நல்ல புள்ள" என்றார். தலையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது அத்தை. அப்பாவின் அக்கா, புருஷனை இழந்தவர், பால்வாடியில் ஆயா வேலை. கோயில் மாதர் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. கோயில் அலமாரிச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். திருவிருந்துக் கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்ப்பதும் அவர்தான், ஆராதனை நேரத்தில் பேசுகிற பிள்ளைகளின் தொடையைக் கிள்ளுவதும் அவர்தான். உங்கள் தொடைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"உன் வரம் வேலைடி," என்றார் அத்தை யோசிக்காமல். "நீ பாத்திரம் தேச்சா பளபளன்னு கீது. சங்கக் கூட்டத்துக்கு நீ போடற டீய எல்லாரும் கேட்டு வாங்கிக் குடிக்கிறாங்கோ. மார்த்தாள்னு வச்சிக்கோ. பொருத்தமா கீது."

நான் டீ போட்டது வரத்தால் இல்லை. வேறு நாதியில்லாததால். பதினாறு பொம்பளைகள் உட்கார்ந்து ஜெபிக்கிற இடத்தில் ஒருத்தியும் எழுந்து அடுப்பைப் பற்றவைக்க மாட்டாள், என்னைத்தான் பார்ப்பாள். செய்தால் அது வரமாகிவிடுகிறது. இந்த அநியாயத்தை இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் வரம் என்ன என்று எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும், இந்த மூன்று பேரைத் தவிர. காலனி மூலையில் பனைமரத்தடியில் அடிபம்பு இருந்ததல்லவா? ஒரு பம்பு, நாற்பது குடம். காலை ஐந்தரைக்கே மயிர்பிடிச் சண்டை. அந்தப் பம்பில் வரிசையை ஒழுங்கு பண்ணினது யார்? கல் வைத்து இடம் பிடித்தால் ஒரு குடத்துக்கு மட்டும்தான் செல்லும், கைப்பிள்ளைக்காரி வந்தால் வழி விடணும், கல்யாண வீட்டுக்காரர்களானாலும் மூன்று குடத்துக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்கக் கூடாது, எல்லாம் நான் வைத்த சட்டம். யாரும் என்னைப் பஞ்சாயத்துக்கு உட்கார வைக்கவில்லை. ஒருநாள் சண்டையில் நான் கத்தினேன், அது நியாயமாக இருந்தது. மறுநாள் இரண்டு பேர் என்னையே கேட்டார்கள், அவ்வளவுதான்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்தோம் என்று சாதித்தால் குச்சி போடுவேன். நீளக் குச்சி எடுத்தவள் முதலில். எடுத்த பிறகு கையை விரித்து மற்றக் குச்சியையும் காட்டிவிடுவேன். காட்டாவிட்டால் எவளும் நம்ப மாட்டாள். நம்பவும் கூடாது.

ஆகவே நான் வேதத்தில் தேடினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை, தெபொராள் அங்கே உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண், மரத்தடியில் இருக்கிறாள், ஜனங்கள் வழக்கைக் கொண்டுவருகிறார்கள், அவள் நியாயம் சொல்கிறாள். அவளுடையது பேரீச்சை, என்னுடையது பனை. சொந்தக்கார மரம்தானே! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இரண்டாயிரம் மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே என் வேலையை ஒருத்தி செய்திருக்கிறாள். அது மட்டுமா, அவள் டீ போட்டதாக எங்கேயும் எழுதவில்லை.

உபதேசியாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஆயர் இல்லாத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துகிற சாதுவான மனிதர். இருமினார். "அது பழைய காலத்துப் பேரும்மா. கூப்புடறதுக்குக் கஷ்டமா கீதே. தொற்காள்னு வச்சிக்கலாமா? தையல் தைச்சி ஏழைங்களுக்குக் குடுத்தவங்கோ." எனக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. அதைச் சொன்னேன். மறுபடி இருமினார்.

அத்தை காதில் விழுந்ததும் நேராக எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னாடி இது? நியாயம் சொல்ற பொம்பளய எவன் கட்டுவான்? பொண்ணு பாக்க வர்றவன் பேரக் கேட்டதும் திரும்பிப் போயிடுவான். மார்த்தாள்! ஆண்டவரே வந்து சாப்ட்ட வூடு அது."

"அந்தம்மாவ ஆண்டவரு திட்டினாரே அத்த? வேல வேலன்னு ஏன் அலையறன்னு கேட்டாரே?"

"திட்டல. சொன்னாரு. சொல்லிட்டு சாப்ட்டாரா இல்லியா?"

கேட்டுவிட்டுச் சாவிக்கொத்து குலுங்கப் போய்விட்டார்.

மூன்று வாரம் இதே கூத்து. பம்படியில் தெபொராள் கட்சி, கோயிலில் மார்த்தாள் கட்சி, நடுவில் இருமிக்கொண்டே தொற்காள். அம்மா இரண்டு வேளை அத்தையோடு பேசாமல் இருந்தார், எந்தக் கட்சி என்பதற்காக இல்லை, வாசலில் நின்று கத்தினதற்காக. கடைசியில் அப்பா, யாரும் கேட்காமலே, மெதுவாகச் சொன்னார்: "சீட்டுப் போட்டுடலாமே. ஆண்டவர் சித்தம் எதுவோ அது."

நம் கோயிலில் எல்லாவற்றுக்கும் சீட்டுதான். கமிட்டிக்கு யார், கிறிஸ்துமஸ் பஜனை எந்த வீட்டில் ஆரம்பிப்பது, அறுப்புப் பண்டிகைக்கு வந்த பூசணி யாருக்கு, எல்லாம் சீட்டு. நீளக் கைப்பிடி போட்ட சிவப்பு வெல்வெட் காணிக்கைப் பையில் சீட்டுகளைப் போட்டு, ஜெபம் பண்ணி, இருப்பதிலேயே சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எடுத்த சீட்டை மட்டும் படிப்பார் உபதேசியார். மீதியைப் பிரிக்காமலேயே மெழுகுவர்த்தியில் கொளுத்திவிடுவார். ஆண்டவர் தள்ளினதை மனுஷன் பார்க்கக் கூடாதாம். என் பம்படிச் சட்டத்துக்கு நேர் எதிர். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். ஆண்டவருக்கு என்னைத் தெரியாதா, அவர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு வாரம் முழங்கால் தேய ஜெபித்தேன்.

அந்தச் சனிக்கிழமை அத்தைதான் பையை வீட்டிலிருந்து கொண்டுவந்தார். வெல்வெட்டில் பூச்சி அரிக்கிறது என்று தன் வீட்டுப் பெட்டியில் வைத்திருப்பார். மூன்று சீட்டும் ஏற்கெனவே உள்ளே இருந்தது. யார் எழுதியது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உபதேசியாரின் நாலு வயது மகள் கையை விட்டு ஒன்றை எடுத்தாள். அவர் பிரித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"மார்த்தாள்."

"தோத்திரம்!" என்றார் அத்தை, கோயில் அதிர.

சரி, ஆண்டவருக்கும் டீதான் வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தேன். உபதேசியார் பையைக் கவிழ்த்து மீதி இரண்டு சீட்டையும் எடுத்து மெழுகுவர்த்தி பக்கம் கொண்டுபோனார். அப்போது என் வாய் தானாகத் திறந்தது.

"ஐயா, மத்த ரெண்டையும் பிரிங்க."

"அப்பிடிக் கேக்கக் கூடாதும்மா. ஆண்டவரச் சோதிக்கிற மாதிரி."

"ஆண்டவர இல்ல ஐயா. சீட்டத்தான்."

அவர் இருமுவதற்குள் நான் பாய்ந்து பிடுங்கிவிட்டேன். ஒன்றைப் பிரித்தேன், மார்த்தாள். இன்னொன்று, அதுவும் மார்த்தாள். மூன்றும் மார்த்தாள். தெபொராள் பைக்குள்ளேயே போகவில்லை. பாவம், அந்தத் தொற்காள்கூடப் போகவில்லை.

உங்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது போதும், எனக்குத் தலைக்கேறிவிட்டது. அத்தையின் முன்னால் போய் சீட்டுகளை மூஞ்சிக்கு நேராக நீட்டினேன்.

"நீ கள்ளி, அத்த! அலமாரிச் சாவிய இடுப்புல கட்டிகினு, ஆண்டவர் பையிலயே கைய வச்சிட்டியே! நீயெல்லாம் கிண்ணம் தேய்க்கிற கையா?"

பதின்மூன்று வயதுப் பெண், கோயிலுக்குள், அத்தனை பேர் முன்னால். இதுவரைக்கும் உங்கள் கதை சரி. நீங்கள் பார்த்ததும் இதுதான். ஆனால் அத்தை என்ன செய்தார் என்று உங்களில் ஒருவருக்காவது ஞாபகம் இருக்கிறதா? அத்தை சீட்டுகளை வாங்கினார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தலையைத் தூக்கி ஆண்கள் உட்காரும் பக்கம் ஒரு பார்வை. பிறகு சீட்டுகளைத் தன் கையாலேயே மெழுகுவர்த்தியில் காட்டிக் கொளுத்தினார். "பேசி முடிச்சிட்டியா?" என்று என்னைக் கேட்டார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் மழையில் இறங்கிப் போய்விட்டார்.

தப்பு செய்தவள்தான் இப்படி வாயடைத்துப் போவாள் என்று நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். நீங்களும் எழுதினீர்கள். நான் திருத்திக்கொண்டேன், நீங்கள் இன்னும் பந்தியில் அதையே பரிமாறுகிறீர்கள்.

அந்த வாரம் சாவி வேறொரு அம்மாவிடம் போனது. மாதர் சங்கத்துக்கும் அவரே தலைவி ஆனார். பால்வாடியில் பிள்ளைகளை விட வந்த பொம்பளைகள் அத்தையைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பம்படியில் எனக்கு ஒரே பாராட்டு. "தீர்ப்புன்னா இதாண்டி தீர்ப்பு" என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள் ஒருத்தி. எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை.

படப்பையிலிருந்து ஆயர் சொல்லியனுப்பினார். சீட்டு செல்லாது. ஞானஸ்நானத்தில் பெயரைச் சொல்வது ஞானத்தாயின் பொறுப்பு, பிள்ளை வாய் திறக்கக் கூடாது என்பது வழக்கம், அந்த வழக்கப்படியே நடக்கட்டும். ஞானத்தாய் என்ன பெயர் சொல்கிறாரோ அதுதான் பதிவேட்டில் ஏறும்.

என் ஞானத்தாய் யார்? அத்தைதான். நான் பிறந்த அன்றைக்கே பேசி வைத்தது. வேறு ஆளை மாற்றுங்கள் என்று குதித்தேன். மாற்ற முடியாது, இரண்டு பேரும் சமாதானமாகி வந்து நில்லுங்கள் என்று பதில் வந்தது. அவ்வளவு பேர் முன்னால் அவமானப்பட்ட மனுஷி, பழி வாங்க ஒரு வார்த்தை போதும். மார்த்தாள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பதிவேட்டில் ஏறிவிட்டால் செத்தாலும் அழியாது.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் மறுநாளைக்கான வெள்ளைப் பாவாடையைக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் செயினைப் பார்த்தபடியே பேசினார்.

"பாப்பா, அந்தச் சீட்டு..."

"எந்தச் சீட்டு?"

"நான்தாம்மா எழுதுனேன். உபதேசியார் என்னத்தான் எழுதச் சொன்னாரு. எழுதி, அக்கா வூட்ல இருந்த பையில போட்டுட்டு வந்தேன். அக்காதான் சீட்ட மாத்திடுச்சின்னு அவரு நெனச்சிட்டாரு போல."

பாவாடை கையிலிருந்து சேற்றில் விழுந்தது.

"அத்த சொல்லிச்சா, மூணுலயும் மார்த்தாள்னு எழுதச் சொல்லி?"

"அய்யய்யோ, இல்ல. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்கு ஆசயா கீது, நீ ஒத்துக்க மாட்டேங்கற. ஆண்டவர் பேரால வந்துச்சின்னா நீயும் சும்மா இருப்ப, அக்காவும் சந்தோசப்படும். சண்ட வேணாம்னுதான். யார் மனசும் நோவக் கூடாதுன்னு..."

"அத்தைக்கு இப்பவாச்சும் தெரியுமா?"

"பிரிச்சதுமே தெரிஞ்சிருக்கும். எனக்கு எழுதக் கத்துக்குடுத்ததே அக்காதான். அதும் இல்லாம, ஊதாவா இருந்துச்சில்ல?"

ஊதா! நாக்கில் நனைத்து எழுதின ஊதா. ஊரில் அந்தப் பென்சில் வைத்திருந்த ஒரே ஆள் என் அப்பா. தினமும் பார்த்த எழுத்து, என் பிராக்ரஸ் கார்டில் விழுந்த எழுத்து. நான் பெயரைத்தான் பார்த்தேன், எழுத்தைப் பார்க்கவே இல்லை. பம்படியில் ஒரு குடத்துக்குக்கூட இரண்டு பக்கமும் கேட்காமல் தீர்ப்பு சொல்லாதவள், சொந்த அத்தையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு என்மேல் வந்த வெறுப்பு இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

"நாளைக்குக் கோயில்ல எழுந்து சொல்லுப்பா. நான்தான் எழுதுனேன்னு சொல்லு."

"சொல்றேன், சொல்றேன். பண்டிக போவட்டும்."

பண்டிகை போனது. புது வருஷம் போனது. லெந்து காலத்து நாற்பது நாள் உபவாசமும் வந்து போனது. அவரே போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சொல்லவே இல்லை. நல்லவர்தான், யாரையும் அடிக்காத, குடிக்காத, ஒருத்தரையும் நோகடிக்காத நல்லவர். அந்த ஒரு நல்லவரின் மானத்தைக் காப்பாற்ற அக்கா வாயை மூடினார், பிறகு மகளும் மூடினாள். அவருக்கு அடுத்த வருஷமே அத்தையும் போய்விட்டார், கள்ளி என்ற பெயரோடு. நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பது அந்த மனுஷியைப் பார்த்து.

அன்றைக்குச் சாயங்காலமே அத்தை வீட்டுக்கு ஓடினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வாசப்படியில் நின்றேன். மன்னிச்சிடு அத்த என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வரவில்லை. ஊருக்கெல்லாம் வாய்கிழியப் பேசுகிற எனக்கு அந்த இரண்டு வார்த்தை வரவில்லை.

"இன்னா, மரம் மாறி நிக்கிற?" என்றார் நிமிர்ந்து பார்க்காமலே. "பாவாடைக்குக் கஞ்சி போட்டியா?"

"சேத்துல வுழுந்துடுச்சி."

"உன் மூஞ்சி. போ, போய்த் தோய்ச்சி அடுப்பு மேல காயப்போடு. காலைல ஈரமா உடுத்திகினு வந்து தும்மிகினு நிக்காத."

திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எள் போட்டால் விழாது. பெயரைக் கேட்கத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள், பம்படிப் பொம்பளைகளில் கோயிலுக்கே வராதவர்கள்கூட ஜன்னலில் தொங்கினார்கள். எனக்கு அடுப்புப் புகை நாற்றம் அடிக்கிற பாவாடை. அத்தை மொடமொடவென்று வெள்ளைச் சேலை கட்டி, சாவி தொங்காத இடுப்போடு என் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. அப்பா ஆண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

மார்த்தாள் என்றே சொல்லட்டும், என்று நினைத்துக்கொண்டேன். சொன்னால் வாங்கிக்கொள்வேன். இவர் கையால் எது விழுந்தாலும் எனக்குத் தகும்.

ஆயர் தண்ணீர்க் கிண்ணத்தில் கையை நனைத்தார். "இந்தப் பிள்ளையின் பெயர் என்ன?"

அத்தை தொண்டையைச் செருமினார்.

"தெபொராள்."

ஜன்னல் பக்கம் சலசலப்பு. அப்பா தலையைக் குனிந்தார். ஆயரே கொஞ்சம் திகைத்துவிட்டார். அவருக்குத்தான் எல்லாம் அர்த்தத்தோடு இருக்க வேண்டுமே, நனைத்த கையை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டார்: "பிள்ளைட்ட என்ன வரத்தக் கண்டு இந்தப் பேரச் சொல்லுதீங்கம்மா?"

"இவ நேரா கேப்பா ஐயா," என்றார் அத்தை. "பெரியவங்க சின்னவங்க, அத்த மாமின்னு பாக்க மாட்டா. தப்பாக் கேட்டாலும் மூஞ்சிக்கு நேரா கேப்பா. எங்க வூட்ல வேற யாருக்கும் அது வராது, எனக்கும் வராது. ஒருத்திக்காவது இருக்கட்டும்."

தலையில் தண்ணீர் விழுந்தது. மூன்று முறை. எனக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்தது, நிறுத்த முடியவில்லை, தோள் குலுங்கிக் குலுங்கி அழுதேன். "ஆவியானவர் தொட்டுட்டாரு, தோத்திரம், தோத்திரம்!" என்று உபதேசியார் கையைத் தூக்கினார். நீங்கள் ஆறு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தீர்கள். ஆவியானவரும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் வெட்கத்தில் அழுதேன். அத்தை தன் சேலை முந்தானையை என் கையில் திணித்தார்.

"அத்த, நான்..." என்றேன்.

"தெரியும்டி. மூக்கத் தொடச்சிக்கோ."